சுவர் ஏறிக் குதித்த கலீஃபா: இஸ்லாமியச் சட்டம் அந்தரங்கத்தை எப்படிப் பார்க்கிறது?

பர்தா அணிந்த ஒரு பெண் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓர் இளைஞனோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ தள்ளி நின்று மொபைலில் படம் பிடிக்கிறார். மாலைக்குள் அது மண்ணடி, திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்களைச் சுற்றி வந்துவிடுகிறது. "ஷரீஅத் சட்டம் இருந்திருந்தால் இவளுக்கு இந்நேரம் என்ன ஆகியிருக்கும் தெரியுமா?" என்று கீழே ஒருவர் எழுதுகிறார். நாலைந்து பேர் ஆமோதிக்கிறார்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு ஷரீஅத் நூல்களிலிருந்தே பதில் தேடுவோம். பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவளை விபச்சாரி என்று யாராவது எழுதியிருந்தால் அவர்தான் காஜியின் (நீதிபதியின்) முன் நிற்க வேண்டியிருந்திருக்கும். நான்கு சாட்சிகளை அவரால் கொண்டுவர முடியாவிட்டால் 80 கசையடி அவருக்குத்தான். இது நவீன காலத்தில் யாரோ சொன்ன சமாதானம் இல்லை. குர்ஆனின் 24வது அத்தியாயம் இதை நேராகவே சொல்கிறது. இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் என்றதும் நம் மனதில் தண்டனைதான் முன்னால் வந்து நிற்கிறது. தண்டனைக்கு முன்னால் அந்தச் சட்டம் எழுப்பியிருக்கும் தடுப்புகளைப் பற்றி ஜும்ஆ பயான்களில்கூட (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில்கூட) அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது.

முதலில் அடிப்படை. திருமண உறவுக்கு வெளியே நடக்கும் உடலுறவை இஸ்லாம் 'ஸினா' என்கிறது. அது பெரும்பாவம், அதில் கருத்து வேறுபாடு இல்லை. குர்ஆன் அதற்கு 100 கசையடி என்கிறது (24:2). மணமானவர் செய்தால் கல்லெறி தண்டனை என்று ஹதீஸ்களை (நபிமொழிகளை) வைத்து நான்கு மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) சொல்கின்றன. இப்படி அளவு நிர்ணயிக்கப்பட்ட தண்டனைகளுக்கு 'ஹத்' என்று பெயர். அளவு நிர்ணயிக்கப்படாமல் ஆட்சியாளர் அல்லது நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டவை 'தஃஸீர்'. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு எல்லாச் சிக்கலும் தஃஸீர் வழியாகத்தான் வருகிறது.

ஸினாவுக்கு 100 அடி என்று சொன்ன வசனத்துக்கு இரண்டே வசனம் தள்ளி (24:4), கற்புள்ள பெண்கள்மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவர்களுக்கு 80 அடி கொடுங்கள், அதன்பின் அவர்களுடைய சாட்சியத்தை ஒருபோதும் ஏற்காதீர்கள் என்று வருகிறது. குற்றத்துக்கும் அவதூறுக்கும் உள்ள தூரம் 20 அடிதான். அதே அத்தியாயத்தில் நபியின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய வதந்தியும் பேசப்படுகிறது. பயணத்தில் தொலைந்த கழுத்து மாலையைத் தேடிப் போனதால் அவர் படையிலிருந்து பிந்திவிட்டார். ஸஃப்வான் (ரலி) அவரை ஒட்டகத்தில் ஏற்றி அழைத்து வந்தார். ஓர் ஆணும் பெண்ணும் தனியாக வந்தார்கள், அவ்வளவுதான் கண்ணால் பார்த்தது. மதீனாவில் ஒரு மாதம் அது ஊர்வாய்க்கு அவலானது. குர்ஆன் வதந்தியைக் கிளப்பியவர்களை மட்டும் கண்டிக்கவில்லை. கேட்டவர்களையும் பிடித்துக்கொள்கிறது: இதைக் கேட்டவுடனே, 'இது அப்பட்டமான அவதூறு' என்று நீங்கள் ஏன் சொல்லவில்லை (24:12, 24:16)? ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "நான் அனுப்பவில்லை, சும்மா பார்த்தேன்" என்பவருக்கும் இந்தக் கேள்வி வந்து சேர்கிறது.

வேவு பார்க்காதீர்கள்

அந்தரங்கத்துக்கான அடித்தளம் 49:12. அதிகமான சந்தேகங்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், துருவித் துருவி ஆராயாதீர்கள், ஒருவரையொருவர் புறம் பேசாதீர்கள் என்று மூன்றையும் அது ஒரே மூச்சில் தடுக்கிறது. சந்தேகம்தான் வேவு பார்க்க வைக்கிறது, வேவு பார்த்ததுதான் பேச்சாகிறது என்பதால் அந்த வரிசையே ஒரு விளக்கம்போல இருக்கிறது. இதோடு 24:27-28 வசனங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அனுமதி கேட்காமலும் ஸலாம் சொல்லாமலும் அடுத்தவர் வீட்டில் நுழையாதீர்கள். 'திரும்பிப் போங்கள்' என்று சொன்னால் திரும்பிவிடுங்கள். நபி (ஸல்) அவர்களுடைய வீட்டுக்குள் ஒருவர் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தபோது, அவர்கள் கையில் தலை கோதும் இரும்புக் கோல் ஒன்று இருந்தது. நீ பார்க்கிறாய் என்று தெரிந்திருந்தால் இதை உன் கண்ணில் குத்தியிருப்பேன், அனுமதி கேட்கச் சொன்னதே பார்வைக்காகத்தானே என்றார்கள். புகாரி தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது.

இப்போது கலீஃபா உமர் (ரலி) கதைக்கு வருவோம். மதீனாவின் இரவு ரோந்தில் ஒரு வீட்டிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டுச் சுவர் ஏறிக் குதித்துவிட்டார். உள்ளே ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மதுவும். கலீஃபா கோபத்தோடு கேட்க, அந்த மனிதர் நிதானமாகப் பதில் சொன்னாராம்: நான் ஒரு தவறு செய்திருந்தால் நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் சொன்னான், நீங்கள் ஆராய்ந்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியாக வாருங்கள் என்றான் (2:189), நீங்கள் சுவரேறி வந்தீர்கள். அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழையுங்கள் என்றான், நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. உமர் அவரைத் தண்டிக்காமல் வெளியேறினார். இமாம் கஸ்ஸாலி இதை எடுத்தாள்கிறார். அறிவிப்புத் தொடரில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் அறிஞர்கள் சொல்வதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதே உமர், அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களோடு ரோந்து போனபோது ஒரு வீட்டில் குடிக்கூத்து நடப்பதை உணர்ந்து, நாம் செய்வதே தடுக்கப்பட்ட வேவுதான் என்று தோழர் சொன்னதும் திரும்பிவிட்டார் என்ற செய்தியும் இருக்கிறது. இரண்டிலும் கருத்து ஒன்றுதான்: நாட்டின் தலைவருக்கே அந்த வாசலைத் தாண்டும் உரிமை இல்லை.

கி.பி. 1111இல் மறைந்த கஸ்ஸாலி, தீமையைத் தடுக்கப் போகிறவருக்கான நிபந்தனைகளை எழுதும்போது இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்துச் சொல்கிறார். தீமை வெளிப்படையாக இருக்க வேண்டும், தோண்டி எடுத்ததாக இருக்கக் கூடாது. பிறர் வீட்டில் இசைக்கருவிச் சத்தம் வருகிறதா என்று ஒட்டுக் கேட்பது கூடாது. மது வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பது கூடாது. ஆடைக்குள் எதையோ மறைத்திருக்கிறார் என்று தடவிப் பார்ப்பது கூடாது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் கூடாது. சத்தம் தெருவுக்கே வந்துவிட்டால் அது வேறு. யாரும் கேட்காமலே நம்பகமான இரண்டு பேர் தாமாக வந்து சொன்னால் உள்ளே போகலாம் என்று அவரே ஒரு விலக்கும் தருகிறார். கி.பி. 1058இல் மறைந்த சட்ட அறிஞர் மாவர்தீ, சந்தை ஒழுங்கையும் பொது ஒழுக்கத்தையும் கவனிக்கும் 'முஹ்தஸிப்' என்ற அதிகாரிக்கும் இதே எல்லையைத்தான் வரைந்தார். ஒருவரைக் கொல்வதற்காக உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள் என்பதுபோலத் தாமதித்தால் திரும்பப் பெற முடியாத நிலை இருந்தால் மட்டும் உள்ளே நுழைய அனுமதித்தார்.

நான்கு சாட்சிகள் என்றால்

நான்கு பேர் ஒரு அறையிலிருந்து இருவர் வெளியே வருவதைப் பார்த்தால் போதாது. ஒரே போர்வைக்குள் இருந்ததைப் பார்த்தாலும் போதாது. சுர்மா குச்சி சிமிழுக்குள் போவதுபோல, உடலுறவையே கண்ணால் கண்டதாக நேர்மையான நான்கு ஆண்கள் சொல்ல வேண்டும். ஒருவர் தயங்கினாலும் வழக்கு கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் மற்ற மூன்று பேர் தப்ப முடியாது.

இது வெறும் ஏட்டுச் சட்டமாக இருக்கவில்லை. கி.பி. 638 வாக்கில் பஸ்ராவின் ஆளுநர் முகீரா பின் ஷுஅபாமீது குற்றச்சாட்டு வந்தது. காற்றில் ஜன்னல் திறந்துகொண்டதால் எதிர்வீட்டிலிருந்து நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். உமர் எல்லோரையும் மதீனாவுக்கு அழைத்தார். மூன்று பேர் தெளிவாகச் சாட்சி சொன்னார்கள். நான்காமவரான ஸியாத், அருவருப்பான ஒரு காட்சியைக் கண்டேன், அந்தச் செயலையே கண்டேன் என்று சொல்ல மாட்டேன் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். மூன்று சாட்சிகளுக்கும் ஆளுக்கு 80 அடி. அவர்களில் நபித்தோழர் அபூ பக்ராவும் ஒருவர். முகீராவுக்கு ஹத் தண்டனை இல்லை. பதவியை மட்டும் உமர் எடுத்துவிட்டார். பார்த்ததைச் சொன்னவருக்கு அடியா என்று இதைப் படிக்கும் எவருக்கும் உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானது. ஆனாலும் சட்டம் தெரிந்தேதான் அந்த விலையைக் கொடுத்தது. வீட்டுக்குள் நடப்பதை ஊர் பேசுவது, அந்தச் செயலைவிடச் சமூகத்துக்குக் கேடு என்று அது முடிவு செய்திருந்தது.

ஹனஃபி மத்ஹபில் இன்னொரு தடையும் உண்டு. காரணமின்றித் தாமதித்துச் சொல்லும் சாட்சியம் செல்லாது. அபூ ஹனீஃபாவின் மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் ஒரு மாதம் என்று அதற்குக் கெடு வைத்தார்கள். பார்த்தவருக்கு இரண்டு வழி இருந்தது: மறைப்பது, அல்லது சாட்சி சொல்வது. பேசாமல் இருந்தவர் மறைப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பிறகு திடீரென்று பேசினால் நடுவில் ஏதோ பகை வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். மனிதர்களைத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

கர்ப்பம் சாட்சியாகுமா? மாலிக்கி மத்ஹப் மணமாகாத பெண்ணின் கர்ப்பத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகள் இரண்டிலும் அது ஆதாரம் ஆகாது. மரபணுச் சோதனை? மக்காவிலுள்ள உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹ் (சட்டவியல்) சபை 2002இல் ஹத், கிஸாஸ் (பழிக்குப் பழி) வழக்குகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்று முடிவு செய்தது. எந்தச் செயலியிலும் முகத்தை மாற்றிவிட முடிகிற இந்தக் காலத்து வீடியோவை நான்கு சாட்சிகளின் இடத்தில் வைக்கவும் பெரும்பாலான அறிஞர்கள் தயாராக இல்லை.

சாட்சி இல்லாவிட்டால் மிஞ்சுவது ஒப்புதல் வாக்குமூலம். அதையும் வாங்கத் துடிக்கவில்லை நபி (ஸல்). மாஇஸ் என்பவர் தாமாக வந்து, தாம் பாவம் செய்துவிட்டதாகச் சொன்னார். நபி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் சுற்றி வந்து மறுபடி சொன்னார். நான்கு முறை இப்படி நடந்தது. பைத்தியமா என்று கேட்டார்கள். முத்தமிட்டிருப்பாய், தொட்டிருப்பாய் என்று வழி எடுத்துக் கொடுத்தார்கள். அவர் பிடிவாதமாக நின்றதால் தண்டனை நிறைவேறியது. கல் பட்டதும் அவர் ஓடினார் என்று பிறகு கேள்விப்பட்டபோது, அவரை விட்டிருக்கக் கூடாதா என்றார்கள். இதனால்தான் ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் ஹத் விலகிவிடும் என்ற விதி வந்தது. மாஇஸை நபியிடம் போகச் சொல்லி அனுப்பிவைத்தவர் ஹஸ்ஸால் என்பவர். உன் ஆடையால் அவரை நீ மறைத்திருந்தால் உனக்கே நல்லதாக இருந்திருக்கும் என்று அவரிடம் சொன்னார்கள். வாக்குமூலம் தர வந்தவரை அழைத்துவந்தவருக்கே இந்தப் பதில் என்றால், வாக்குமூலமே தராதவரின் படத்தை ஊருக்கு அனுப்புகிறவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும்?

இங்கே ஒன்றைக் கலந்துவிடக் கூடாது. இந்தத் திரை முழுக்க இருவரும் விரும்பிச் செய்த பாவத்துக்கு. பலாத்காரத்துக்கு இந்தத் திரை கிடையாது. விடியும் முன் தொழுகைக்குப் போன ஒரு பெண்ணை ஒருவன் சூறையாடிவிட்டு ஓடிய சம்பவம் ஹதீஸில் இருக்கிறது. அவளிடம் நான்கு சாட்சிகள் கேட்கப்படவில்லை, அவள்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று அனுப்பிவைக்கப்பட்டாள். பாதிக்கப்பட்டவர் பேசுவது அவதூறும் ஆகாது, பாவத்தை வெளிப்படுத்தியதும் ஆகாது. 'குறையை மறைப்பது சுன்னத் (நபிவழி)' என்று சொல்லி ஒரு குழந்தையையோ பெண்ணையோ வாயடைக்கச் செய்வது இந்தச் சட்டத்தை அப்படியே தலைகீழாக்குவது. பள்ளிவாசலானாலும் மத்ரஸாவானாலும் குடும்பமானாலும் இதில் விலக்கு கிடையாது.

அரசுகள் என்ன செய்தன

பாகிஸ்தான் 1979இல் கொண்டுவந்த ஹுதூத் சட்டங்கள் இந்தக் கலப்பைத்தான் செய்தன. பலாத்காரமும் ஸினாவும் ஒரே சட்டத்துக்குள் வந்ததால், புகார் கொடுத்த பெண்ணின் புகாரே ஸினாவுக்கான ஒப்புதலாகப் பார்க்கப்பட்டது. 1980களில் பார்வையற்ற ஓர் இளம்பெண் கர்ப்பமானதற்காகத் தண்டிக்கப்பட்டு, பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார். 2006இல் பெண்கள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே பலாத்காரம் பொதுக் குற்றவியல் சட்டத்துக்குத் திரும்பியது.

மலேசியாவில் வேறு வழி. கணவன் மனைவியோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஆணும் பெண்ணும் சந்தேகம் எழும்படி தனித்திருப்பதே 'கல்வத்' என்ற குற்றம். கோலாலம்பூர் உள்ளிட்ட கூட்டரசுப் பிரதேசங்களில் 3,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். மத இலாகா அதிகாரிகள் இரவில் ஓட்டல் அறைக் கதவைத் தட்டுவது அங்கே சாதாரணச் செய்தி. மஸ்ஜித் இந்தியா பக்கம் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்கும். இது எப்படி சாத்தியமானது? இது தஃஸீர். ஹத் இல்லையென்பதால் நான்கு சாட்சி வேண்டாம், 80 அடி பயம் இல்லை. முன்வாசலில் போட்ட பூட்டைப் பின்வாசல் வழியாகக் கடந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நற்பெயரைக் காக்க இது தேவை என்று வாதிடும் ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அங்கே இருக்கிறார்கள். ஆனால் கதவைத் தட்டும்வரை அந்தத் தீமை யார் கண்ணுக்கும் வெளிப்படவில்லையே என்ற கஸ்ஸாலியின் நிபந்தனைக்கு அவர்களிடம் பதில் இருப்பதாகத் தெரியவில்லை.

ஈரான் இதில் வினோதமான உதாரணம். ஒழுக்கக் காவல் வண்டிகளுக்குப் பேர்போன அந்த நாட்டின் 2013ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தில் 241வது பிரிவு, ஆதாரம் இல்லாமல் குற்றம் சாட்டப்பட்டவர் மறுக்கும் நிலையில், மறைவானதைத் தோண்டும் விசாரணையே கூடாது என்கிறது. பலவந்தம், கடத்தல், ஏமாற்று இருந்தால் மட்டும் விலக்கு. பழைய ஃபிக்ஹ் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. சவூதி அரேபியா 2016 ஏப்ரலில் தன் மத ஒழுக்கக் காவலர்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தையும் விரட்டிப் பிடிக்கும் அதிகாரத்தையும் எடுத்துவிட்டது.

சென்னைக்கு வந்தால்

மதராஸ் மாகாணத்தின் உள்மாவட்டங்களில் ஒரு காலத்தில் இஸ்லாமியக் குற்றவியல் சட்டம்தான் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. நவாபுகள் விட்டுப்போன அமைப்பை கம்பெனி அரசு தன் ஃபௌஜ்தாரி அதாலத்தில் (குற்றவியல் நீதிமன்றத்தில்) தொடர்ந்து, மாற்றி மாற்றித் தன் வசதிக்கு வளைத்தது. 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோடு அது முடிந்தது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை போன்றவற்றுக்கு மட்டும்தான், குற்றங்களுக்கு இல்லை. மணமானவர் மண உறவுக்கு வெளியே, வயதுவந்த இன்னொருவரோடு விரும்பி வைக்கும் உறவு 2018 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் குற்றமே இல்லை; தண்டனைச் சட்டத்தின் 497வது பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. அதற்கு ஓராண்டு முன்பே, 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்திருந்தார்கள்.

அப்படியானால் ஒரு மஹல்லா ஜமாஅத்துக்கு (பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் நிர்வாகத்துக்கு) இந்த விஷயத்தில் என்ன அதிகாரம்? தண்டிக்கும் அதிகாரம் துளியும் இல்லை. ஃபத்வாவுக்கு (மார்க்கத் தீர்ப்புக்கு) சட்ட வலு இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிவாசல் வளாகங்களில் நீதிமன்றம்போல நடக்கும் மன்றங்களுக்கு 2016 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஜமாஅத் சமரசம் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் மணவிலக்குப் பேச்சு என்று ஒரு பெண்ணை அறை நிறைய ஆண்களுக்கு நடுவில் உட்கார வைத்து, "யாரோடு போனில் பேசினாய்?" என்று கேட்கும்போது, அந்த அறை இந்தியச் சட்டத்தையும் ஷரீஅத்தையும் சேர்த்தே மீறுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடினமான இடம் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது. கணவன் மனைவியின் மொபைலைத் திறக்கலாமா? மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களை ஆதாரமாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் சொன்னது. தம்பதியர் ஒருவரையொருவர் ரகசியமாகப் பதிவு செய்ததை மணவிலக்கு வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தியச் சட்டம் இங்கே இன்னும் இரண்டு பக்கமும் இழுபடுகிறது. ஹதீஸ் அவ்வளவு தயங்கவில்லை. பயணம் போன கணவன், மனைவி துரோகம் செய்கிறாளா, என்ன குறை கிடைக்கும் என்று பார்க்க இரவில் திடீரென்று வந்து இறங்குவதை நபி (ஸல்) தடுத்ததாக ஜாபிர் (ரலி) அறிவிப்பது முஸ்லிம் தொகுப்பில் இருக்கிறது. திடீரென்று வீட்டுக்கு வருவதே கூடாதென்றால், மனைவி தூங்கும்போது அவள் விரலைப் பிடித்து மொபைலைத் திறப்பது எந்தக் கணக்கில் சேரும்?

தேடிப்போகாமலே கண்ணால் பார்த்துவிட்ட கணவனுக்கும் குர்ஆன் ஒரு வழி வைத்திருக்கிறது (24:6-9). அதற்கு 'லிஆன்' என்று பெயர். சாட்சி இல்லாத கணவன் நான்கு முறை சத்தியம் செய்து, ஐந்தாவதாக, பொய் சொன்னால் தன்மேல் அல்லாஹ்வின் சாபம் என்கிறான். மனைவி நான்கு முறை சத்தியம் செய்து, அவன் சொன்னது உண்மையானால் தன்மேல் அல்லாஹ்வின் கோபம் என்கிறாள். அவ்வளவுதான். இருவரும் பிரிகிறார்கள். இருவருக்கும் தண்டனை இல்லை. ஹிலால் பின் உமய்யா (ரலி) வழக்கில் இப்படித்தான் நடந்தது. உங்களில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும், யாராவது தவ்பா (பாவமன்னிப்பு கோருதல்) செய்கிறீர்களா என்று மட்டும் நபி கேட்டார்கள். பிறகு குழந்தை பிறந்தது. கணவன் யாரைக் குற்றம் சாட்டினாரோ அவருடைய சாயலிலேயே அது இருந்தது, எல்லோரும் பார்த்தார்கள். அல்லாஹ்வின் வேதத்தில் முன்பே தீர்ப்பு வந்திராவிட்டால் அவள் விஷயத்தில் நான் வேறு செய்திருப்பேன் என்றார்கள். வழக்கை மறுபடி எடுக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பழித்துப் பேசக் கூடாது, அவளுடைய குழந்தையையும் பழிக்கக் கூடாது, மீறிப் பேசுகிறவருக்கு அவதூறுக்கான தண்டனை உண்டு என்று அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பின் அறிவிப்பு அந்த வழக்கின் தீர்ப்பைச் சொல்கிறது.